சொன்னபடி செய்வார்கள்

டோக்கன் எண் நாற்பத்தொன்று. கடைசியாகக் கூப்பிட்டது இருபத்தைந்து. ஐந்தைந்து பேராக உள்ளே விடுகிறார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பத்து நிமிஷம், அப்படியானால் மூன்று கூட்டம் போய் வந்ததும் நாலாவதில் முதல் ஆள் கோகிலவாணிதான். அரைமணி நேரம் இருக்கிறது, அதற்குள் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே எரிச்சல் வந்தது. சென்னையில் ரயில் ஏறும்போதும் இதைத்தான் நினைத்தாள், ஊர் வருவதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று. சித்தி வீட்டில் இரண்டு நாளாகப் பல் விளக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்தாள், முடிவை என்னவோ தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுக்கப் போகிற மாதிரி. சிறை வாசலுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட கொட்டகையில், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட், கனகராசுவுக்கு ஒரு துண்டு. போனை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வலது கை மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பைக்குள் போய்த் துழாவி, சோப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிய ராமாயணம் இல்லை, மூன்றே வாக்கியம். உங்களைக் காட்டிக்கொடுத்தது முத்துக்கண்ணன் இல்லை. எங்கள் கம்பெனி. அதில் என் கையும் இருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டால் என்ன என்று ரயிலில் ஒரு யோசனை வந்தது. இரண்டாவதையும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்று விடிகிற நேரத்தில் இன்னொரு யோசனை வந்தது.

கனகராசு அவளுடைய சித்தப்பா மகன், ஆறு வயது இளையவன், கரடிமேட்டுப்புதூரில் வயரிங் வேலை பார்க்கிறவன். இருபது நாளாக உள்ளே இருக்கிறான். செய்த குற்றம் ஒரு வரி எழுதியது. ஊரில் மூடிக் கிடக்கிற மில்லின் நிலத்தில் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது, அளந்து பார்க்க ஓர் அதிகாரி வியாழக்கிழமை வருகிறார் என்று தெரிந்தது, போனில் ‘ஊர்க்கூட்டம்’ என்ற ஆப்பில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்த தங்கள் குழுவில், என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்கள் பேசினார்கள். கனகராசு எழுதினான்: “ஆபீசர் வண்டி பாலம் தாண்டுனதும் சங்கு ஊதிரலாம்.” மில் ஊரில் சங்கு என்றால் மில்லின் கூரைமேல் இருக்கிற ஊதல், ஷிப்டுக்கு ஷிப்டு ஊதி ஆளைக் கூப்பிடுகிற சைரன், வேறெதுவும் இல்லை. மொதச் சங்குக்கு எழுந்திரிப்பார்கள், ரெண்டாஞ் சங்குக்குள் சோறாக்கி முடிப்பார்கள், கோகிலவாணி பிறந்தது மூணாஞ் சங்குக்கு என்று அவள் அம்மா இப்போதும் சொல்வாள். மில்லை மூடியும் சங்கு இருக்கிறது, ஆயுதபூஜைக்கு ஒருதரம் ஊதுவார்கள். அதை ஊதினால் ஊரே ரோட்டுக்கு வந்துவிடும், அதிகாரி கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், அவ்வளவுதான் திட்டம். மில் இல்லாத ஊர்களில் ஒருத்தனுக்குச் சங்கு ஊதுவது என்றால் அவனை முடித்துவிடுவது, சாவு வீட்டில் ஊதுகிற சங்கு அது. அதிகாரியைக் கொல்லச் சதி என்று வழக்குப் போட்டார்கள். எழுதியவன் ஒருத்தன், அந்த வரிக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவர்கள் எட்டுப் பேர், ஒன்பது பேரையும் ஒரே காலையில் வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். பேர், போன் நம்பர், கதவு எண், எல்லாம் அவர்கள் கையில் இருந்த தாளில் வரிசையாக இருந்ததாம். ஆறு பேர் ஜாமீனில் வந்துவிட்டார்கள். கனகராசுவும் இன்னும் இரண்டு பேரும் வரவில்லை.

பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்து பிளாஸ்டிக் கவரில் வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டிருந்தாள், பழம் உள்ளே போகுமா போகாதா என்ற கவலை அவளுக்கு. எண்ணி முடித்ததும் கோகிலவாணியை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆரைப் பார்க்க வந்தீங்க கண்ணு?” “தம்பியைங்க.” “என்ன கேசு?” கொலைச்சதி என்று சொல்ல நாக்கு வரவில்லை, இல்லை என்று சொன்னால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பாள். “சங்கு ஊதலாம்னு போன்ல எழுதிட்டானுங்க. புடிச்சுட்டாங்க.” அந்த அம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எந்த மில்லுச் சங்கு?” என்றாள்.  “கரடிமேட்டு மில்லுங்க.” “அதை மூடி வருசம் ஆச்சே. இன்னும் ஊதுதா?” “ஆயுதபூசைக்கு மட்டும் ஊதுவாங்க.” “அதுக்கா புடிச்சுட்டுப் போனாங்க? சத்தம் சாஸ்தின்னா?” என்று கேட்டுவிட்டு, உலகத்தில் எதற்குத்தான் பிடிக்க மாட்டார்கள் என்கிற முகத்தோடு பழக்கவரை மறுபடி முடிச்சுப் போட்டாள். பாருங்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பாளோ மாட்டாளோ தெரியாத ஒரு மனுஷிக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. மொழிப் பொறுப்பாளர் என்று அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவள்தான் கோட்டை விட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது, இருபத்தாறிலிருந்து முப்பது வரை எழுந்து ஓடினார்கள்.

ஊர்க்கூட்டம் அவளுடைய கம்பெனியின் ஆப். அதில் திரையில் தெரிகிற ஒவ்வொரு தமிழ் வாக்கியமும் அவள் எழுதியது, பேரைப் பதியுங்கள் என்பதிலிருந்து உறுதியாக நீக்கவா என்பது வரைக்கும். கைதுக்கு முன்னால் ஒரு நாள் காலை பதினொன்றேகாலுக்கு நிரஞ்சனிடமிருந்து மெயில் வந்தது. நிரஞ்சன்தான் கம்பெனியை ஆரம்பித்தவன், அவளைவிட இரண்டு வயது சின்னவன், எல்லாருக்கும் அவன் பேர் சொல்லித்தான் பழக்கம். பதினொரு வரிகள் இருந்தன, எழுதியவர் பேர் கறுப்பு அடித்து மறைத்திருந்தது. கொங்குப் பேச்சு எங்களுக்குப் பிடிபடவில்லை, ஒரு மணிக்குள் பொதுத்தமிழில் பொருள் வேண்டும், நீங்கள்தான் செய்ய முடியும் என்று எழுதியிருந்தான். நீங்கள்தான் செய்ய முடியும். அந்த மூன்று சொல்லுக்கு அவள் மயங்கினாள், அதைச் சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது. எதற்கு என்று கேட்டதற்கு, ஒரு கடிதம் வந்திருக்கிறது, பதில் எழுத வேண்டும், நம் ஆட்களைக் காப்பாற்றத்தான் என்றான். அவள் டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நிரப்பினாள். முதல் கட்டம் வரி, இரண்டாவது பொருள், மூன்றாவது ‘உள்ளர்த்தம் உண்டா’. ஏழாவது வரியில் சங்கு வந்தது. பொருள் என்ற இடத்தில், பாலத்தை வண்டி கடந்ததும் சங்கு ஊதுவோம் என்கிறார்கள் என்று எழுதினாள். உள்ளர்த்தம் உண்டா என்ற இடத்தில், இந்தக் கைதான், இப்போது சோப்பைத் தொட்டுவிட்டு வருகிற இதே கைதான் தட்டியது: இல்லை, சொன்னபடி செய்வார்கள். அவள் மனசில் மில்லின் கூரை இருந்தது. ஒளிவுமறைவு இல்லாத ஜனங்கள், ஊதுவோம் என்றால் ஊதத்தான் போகிறார்கள், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தாள். படித்தவனுக்கு அது எப்படிக் கேட்டது என்பது வேறு. சைரன் என்று ஒரு சொல். மூன்று எழுத்து. சங்கைச் சங்கு என்றுதான் எழுத வேண்டும் என்ற திமிர், பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்ற திமிர், தண்ணீர் என்றால் என்ன என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா.

இதுவரைக்கும் நினைப்பதில் கஷ்டம் இல்லை. தெரியாமல் செய்த தப்பு, எல்லாருக்கும் நடப்பது. இதைத் தாண்டி நாலாவது வரியிடம் வரும்போதுதான் மனசு சண்டி மாடாகப் படுத்துக்கொள்கிறது. நாலாவது வரியை அவள் வக்கீலிடம் சொல்லவில்லை, சித்தியிடம் சொல்லவில்லை, ரயிலில் தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனாள். நாலாவது வரி இது: “இதுல பேசறது வெளிய போவாதுங், அக்கா சொல்லீருக்காங்க.” அக்கா. கொங்கு நாட்டில் அக்காக்களுக்கா பஞ்சம், காய்கறிக்காரி அக்கா, டீச்சர் அக்கா, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் அக்கா. அப்படித்தான் அன்றைக்கும் நினைத்தாள், இல்லை, நினைத்தாள் என்று சொல்வது பொய், நினைக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டாள். ‘போவாதுங்’ என்று ஒற்றோடு நிறுத்தி எழுதுகிற பழக்கம் யாருடையது, சரிங், வாரனுங் என்று கனகராசு அவளுக்கே ஆயிரம் தரம் அனுப்பியிருக்கிறான். பாலம் எது, மில் எது. அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும் என்றும் அப்போது சொல்லவில்லை, நடுவில் ஓர் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்துகொண்டு டீ குடித்தாள். தெரிந்திருந்தும் அனுப்பியதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. வெளியே போகாது என்று அவளும்தான் நம்பினாள். கனகராசு அவளை நம்பினான், அவள் நிரஞ்சனை நம்பினாள், நிரஞ்சன் யாரையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லாதவனாக இருந்தான். வேறெதிலும் பேசாதே கண்ணு, எங்கள் ஆப்பில் பேசு, கோர்ட்டே கேட்டாலொழிய ஓர் எழுத்து வெளியே போகாது என்று போன பொங்கலுக்கு கனகராசுவின் போனை வாங்கி அவளே ஏற்றிக் கொடுத்தாள். கட்டைவிரலை எங்கே அமுக்க வேண்டும் என்றுகூட அவள்தான் காட்டினாள்.

முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து. பழக்காரம்மாள் எழுந்து போனாள், போகும்போது இவள் தோளைத் தொட்டு, “வந்துருவான், கவலைப்படாதீங்க” என்றாள். யாரோ ஒருத்தி சொன்ன அந்தச் சொல்லுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, இருபது நாளாக நிரஞ்சன் இப்படி ஒரு சொல் சொல்லவில்லை. அவனை வெறுக்க அவள் மிகவும் முயற்சி செய்கிறாள், ஆனால் வெறுப்பு நிற்க மாட்டேன் என்கிறது, வழுக்கிக்கொண்டு போய் வேறு எங்கோ விழுகிறது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, எழுதத் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லாமல் அவன் முன்னால் போய் நின்றபோது, நமக்கு வேண்டியது நம்ம ஜனங்க பேசற தமிழ் என்றவன் அவன். முதல் வாரத்தில் எல்லாரையும் மொட்டைமாடியில் உட்கார வைத்துச் சொன்னான்: “யார் வந்து கேட்டாலும் கோர்ட் ஆர்டரைக் காட்டுன்னு கேப்போம். இல்லைன்னா கதவு திறக்காது. மூடிட்டுப் போறதா இருந்தாலும் சரி.” அவள் அன்றைக்கு அழுதிருக்கிறாள், அவனுக்குத் தெரியாது. அந்த வாரம்தான் முகப்பில் போட ஒரு வரி கேட்டான், அவள் முப்பது வரி எழுதிப் பார்த்து ஒன்றைக் கொடுத்தாள்: உங்கள் பேச்சு உங்கள் ஊரைத் தாண்டாது. நாற்பது லட்சம் பேர் போனைத் திறந்ததும் அதைத்தான் பார்க்கிறார்கள். அது பொய்யாகிவிட்டது என்பதைவிட, பொய்யை அவ்வளவு நல்ல தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்பதுதான் அவளைத் தின்கிறது. சுமாராக எழுதியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

கைது நடந்த மறுநாள் சித்தி போனில் கதறியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவள் நேராக நிரஞ்சன் அறைக்குப் போனாள். கோர்ட் ஆர்டர் எங்கே என்று கேட்டாள். இல்லை. ஒரு கடிதம், அதுவும் ஒரு பக்கம், கீழே ஒரு கையெழுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆப் முடக்கப்படும் என்று ஒரு வரி. இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள், இவன் ஒன்றேமுக்கால் மணியில் கொடுத்துவிட்டான், கால் மணி நேரம் மிச்சம் பிடித்திருக்கிறான். “கோகிலா, நாற்பது லட்சம் பேர் நம்மளை நம்பி இருக்காங்க. ஒன்பது பேருக்காக அத்தனை பேரையும் நடுத்தெருவுல விடச் சொல்றீங்களா?”  அவளுக்குப் பதில் எப்போதும் படி இறங்கும்போதுதான் வரும், நாற்பது லட்சம் பேரும் ஒன்பது ஒன்பது பேர்தானே, அடுத்த கடிதம் வந்தால் அடுத்த ஒன்பது பேர் என்று. அப்போது அவள் கேட்டது ஒன்றுதான், அர்த்தம் தப்பு, சங்கு என்றால் சைரன், அதையாவது எழுதி அனுப்புங்கள். அனுப்பலாம், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றான். மில்லின் படம், சங்கின் படம் எல்லாம் வைத்து இரண்டு பக்கம் எழுதினாள், வாழ்க்கையில் அப்படிக் கவனமாக எதையும் எழுதியதில்லை. அனுப்பியாச்சா என்று கேட்டதற்கு, அன்னைக்கே அனுப்பிட்டோமே என்றான். இரண்டு வாரம் அதை நம்பிக்கொண்டு திரிந்தாள், எப்படியும் படிப்பார்கள், விட்டுவிடுவார்கள் என்று. போன வெள்ளிக்கிழமை கனகராசுவின் வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், சங்குக்கு விளக்கம் என்று ஒரு கடிதமே இல்லைங்களே, யாரோ ஒரு மொழி வல்லுநர் எழுதியது என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, சொன்னபடி செய்வார்கள் என்று. அதைத்தான் நீதிபதி ஜாமீன் மறுத்தபோது இரண்டு தரம் படித்தாராம். மறுபடி நிரஞ்சனிடம் போனாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “லீகல்ல வேண்டாம்னு சொன்னாங்க, மாத்திச் சொன்னா நாம முதல்ல குடுத்ததே தப்புன்னு ஆயிடும். எப்படியும் அதை எழுதினது நீங்கதானே” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னான்.

இதெல்லாம் ஒரு பக்கம். முத்துக்கண்ணன் இன்னொரு பக்கம். கனகராசுவின் தோஸ்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன், சங்கு இருக்கிற அறையின் சாவியை அப்பா காலத்திலிருந்து வைத்திருக்கிறவன். அவன் எந்தக் காலத்திலும் எதற்கும் கட்டைவிரல் அமுக்கியதில்லை, யாராவது எதையாவது எழுதினால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வந்து, “சரிடா, பண்ணீரலாம்” என்று சொல்லிவிட்டுப் போகிற ஜாதி. கட்டைவிரல் இல்லாததால் தாளில் அவன் பேர் இல்லை. அவனை மட்டும் போலீஸ் பிடிக்கவில்லை. ஊருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்பது பேர் விலாசமும் போலீசுக்கு எப்படிக் கிடைத்தது, எவனோ உள்ளேயிருந்து கொடுத்திருக்கிறான், பிடிபடாதவன் எவனோ அவன்தான். கம்பெனி கொடுத்திருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, கோகிலா வேலை பார்க்கிற கம்பெனி ஆயிற்றே. முந்தாநாள் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது அவன் கடை திறந்திருந்தது, ஒரு வண்டி இல்லை, அவன் காற்றடிக்கிற குழாயைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். “கோகிலாக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க, நான் அப்படிச் செய்வனுங்களா?” அவள் “தெரியும் முத்து” என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள், தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று அடுத்ததாகக் கேட்டுவிடுவானோ என்று. சித்தி தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள், அவன் பொண்டாட்டியைக் குழாயடியில் தண்ணி பிடிக்க விடறதில்லை, அவன் பிள்ளையோட நம்ம பிள்ளைகள் விளையாடறதில்லை, கூடப் பொறந்தவனாட்டம் இருந்துட்டு எப்படித்தான் மனசு வந்துச்சோ. சட்னி நல்லாருக்குது சித்தி என்றாள் கோகிலவாணி. சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது சட்னி.

முப்பத்தாறிலிருந்து நாற்பது. இனி பத்து நிமிஷம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும். வேலை போகும், அது போகட்டும். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் கம்பெனி விஷயத்தை வெளியே சொன்னால் வழக்கு என்று இருக்கிறது, அதற்கு மட்டும் கம்பெனி சொன்னபடி செய்யும். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன், பேசுவது எல்லாம் பதிவாகும் என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். சிறைக்காரர்கள் யோக்கியமானவர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு நல்ல தமிழ் எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பயம் இதற்கெல்லாம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கனகராசு இனி தன்னை எப்படிப் பார்ப்பான் என்பதுதான் பயம். ஊரில் படித்துச் சென்னைக்குப் போனவள், எதைக் கேட்டாலும் அக்காவிடம் கேள் என்று அவன் பிறருக்குச் சொல்கிற அக்கா, அவள் இனி இருக்க மாட்டாள். தனக்கு நிரஞ்சன் செய்ததைத்தான் அவனுக்குத் தான் செய்திருக்கிறோம், அதே நல்ல வார்த்தை, அதே கைவிடுதல், நடுவில் அவள் வெறும் படிக்கட்டு. இல்லை, இது தப்பிக்கிற பேச்சு. படிக்கட்டுக்கு நாலாவது வரி புரியாது. ஒருவேளை அவனுக்கே தெரிந்திருந்தால், வக்கீல் சொல்லியிருந்தால், எவ்வளவு நிம்மதி, திட்டட்டும், போனை வைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் வக்கீலுக்கு அந்த மொழி வல்லுநர் யார் என்று தெரியாது. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருத்தன் சொல்ல மாட்டான். நாற்பத்தொன்று என்று ஒலிபெருக்கி கூப்பிட்டபோது அவள் எழுந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை.

கனகராசு மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது, ஆனால் இவளைப் பார்த்ததும் சிரித்தான். “சாப்டீங்களாக்கா? அம்மா எப்படி இருக்குது?” என்றான் போனில். நல்லாருக்கறாங்க கண்ணு என்றாள். துண்டும் சோப்பும் வாசலில் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அதற்கே ஒரு நிமிஷம் போய்விட்டது. அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது.” “சொல்லு.” “முத்துக்கண்ணன் ஆருகிட்ட என்ன பேசுனான், எப்ப பேசுனான்னு பூராவும் உங்க கம்பெனில இருக்குமில்லீங்க்கா. அதைக் கொஞ்சம் எடுத்து நம்ம வக்கீல்கிட்டக் குடுங்க. கம்பெனிக்காரங்களுக்கு உங்க மேல மதிப்பு இருக்குது, நீங்க கேட்டாக் குடுப்பாங்க. அவன் வண்டவாளம் தெரியட்டும்.” “அப்படியெல்லாம் ஆருக்கும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க கண்ணு” என்று அவள் வாய் சொன்னது. பழக்கதோஷம், ஆறு வருஷமாக எல்லாருக்கும் சொல்லி வருகிற வாக்கியம். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அவன் இல்ல கனகு. எங்க கம்பெனிதான் குடுத்துச்சு. கேட்டாங்க, குடுத்துட்டாங்க. நீ சங்குன்னு எழுதுனதுக்கு அர்த்தம் எழுதிக் குடுத்தது நான்.”

“என்னங்க்கா? ஒண்ணுமே கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்று அவன் இன்னொரு காதை அழுத்திப் பொத்திக்கொண்டான்.  எழுந்து நின்று, முதலில் சொன்னதை அப்படியே, ஒரு சொல் குறையாமல் உரக்கச் சொன்னாள். கடைசியில் நாலாவது வரியையும் சேர்த்தாள், நீ எழுதுனதுதான்னு எனக்குத் தெரியும் கண்ணு, தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன் என்று. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த நாலு பேரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கனகராசு திட்டவில்லை, போனை வைக்கவில்லை.  “அப்ப முத்து ஒண்ணுமே சொல்லலீங்களா?” “ஒண்ணுமே சொல்லல.” “ஒரு வார்த்தைகூட?” “இல்ல கண்ணு.” அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான், கணக்கில் எங்கோ தப்பு நடந்தது தெரிந்துவிட்ட பையனாட்டம். “போலீசு விசாரிக்க வந்திருந்தாங்கக்கா. சங்கு ரூம் சாவி ஆருகிட்டன்னு கேட்டாங்க. இத்தனை நாளாச் சொல்லாமத்தான் இருந்தேன். அவன்தான் எங்களைக் காட்டிக்குடுத்தான்னு நெனச்சு, அவன்கிட்டத்தான் இருக்குது, அவன்தான் ஊதறதா இருந்துச்சுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டனுங்க.” “எப்ப கனகு?” “நேத்து சாயங்காலம்.” நேற்றும் மனுப் போட்டு உள்ளே இருப்பவர்களைப் பார்க்கிற நாள்தான். நேற்றுக் காலை முழுக்கக் கோகிலவாணி சித்தி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.